வாசகருக்கு வேலை கொடுக்கும் எழுத்து

மார்ச் பிறந்துவிட்டால் பெங்களூருத் தமிழர்களில் எழுதும் பழக்கம் உள்ளவர்கள் தண்ணீரைப் பற்றி எழுதத் தொடங்கிவிடுவார்கள். 2024 கோடையில் இது இன்னும் அதிகம். போர்வெல்கள் வற்றின, டேங்கர் விலை ஏறியது, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அப்போது கட்டுரையாகவும் நோட்டீஸாகவும் வாட்ஸ்அப்பிலும் நான் படித்தவற்றில் பல இந்த மாதிரிதான் தொடங்கின:

"பெங்களூரு நகரில் கோடைக்காலத்தில் கடுமையான தண்ணீர்ப் பற்றாக்குறை நிலவுகிறது. இதனால் பொதுமக்கள் மிகுந்த அவதிக்குள்ளாகிறார்கள்."

இதில் பிழை ஒன்றும் இல்லை. சொன்னது உண்மை, இலக்கணமும் சரி. ஆனாலும் கண் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. ஏனென்றால் இந்த இரண்டு வாக்கியங்களிலும் வாசகர் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. "கடுமையான" என்று அளந்து பார்த்ததும் எழுதியவரே, "மிகுந்த அவதி" என்று வருத்தப்பட்டதும் எழுதியவரே. படிப்பவருக்கு மிச்சம் இருப்பது தலையாட்டுவது மட்டும்தான்.

எழுத்து உத்தி, அணி, நடை என்று பல பெயர்களில் சொல்லப்படுவதை நான் ஒரே வழியில்தான் விளங்கிக்கொள்கிறேன். அவை வாசகர் கையில் ஒரு வேலையைக் கொடுக்கும் வழிகள். ஒன்று பார்க்க வைக்கும், ஒன்று கணக்குப் போட வைக்கும், ஒன்று பதில் சொல்ல வைக்கும், இன்னொன்று சொல்லாமல் விட்டதை இட்டு நிரப்ப வைக்கும். வேலை செய்த வாசகர் எளிதில் விட்டுப் போகமாட்டார். அந்தக் கட்டுரையில் அவருடைய பங்கும் கொஞ்சம் சேர்ந்துவிடுகிறது.

அல்சூர் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் சிலர் கூடி, எழுதியதைப் படித்துக்காட்டுவோம். வருகிற இளைஞர்களில் பலர் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படித்தவர்கள். தமிழை வீட்டில் அம்மாவிடமோ பாட்டியிடமோ எழுத்துக் கூட்டிக் கற்றவர்கள். அவர்களில் விவேக் நகரில் வளர்ந்த ஒரு தம்பி கேட்டான்: "அக்கா, உவமை, உருவகம் எல்லாம் பரீட்சையில மார்க் வாங்கத்தானே? இப்ப யாருக்கா அப்படி எழுதறாங்க?"

"நீ இப்ப கேட்டதே ஒரு உத்திதான்பா," என்றேன். பதிலை மனதில் வைத்துக்கொண்டு கேட்ட கேள்வி அது. யாரும் அப்படி எழுதுவதில்லை என்று அவனே சொல்லியிருந்தால் நான் மறுத்திருக்கலாம். கேள்வியாகக் கேட்டதால், அந்தப் பதிலை என் வாயாலேயே சொல்ல வைக்கப் பார்த்தான். பேசும்போது நாம் எல்லாரும் இப்படிப்பட்ட உத்திகளை நாள் முழுக்கப் பயன்படுத்துகிறோம். பேனா எடுத்ததும் கைவிட்டுவிடுகிறோம்.

இதைப் பற்றி யோசித்தவர்கள் நிறையப் பேர். கி.மு. நான்காம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் மூன்றாகப் பிரித்தார்: சொல்பவர் மேல் வரும் நம்பிக்கை, கேட்பவர் மனதில் எழும் உணர்ச்சி, சொல்லப்படும் வாதத்தின் வலு. தமிழில் தொல்காப்பியம் உவமைக்கென்றே ஓர் இயல் வைத்திருக்கிறது. தண்டியலங்காரம் பொருளணிகளை 35 என்று எண்ணுகிறது. நன்னூல், ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களையும் இருக்க வேண்டிய பத்து அழகுகளையும் அடுக்குகிறது. தொடங்குகிறவர்கள் இவற்றையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அடிக்கடி உதவுகிற சிலவற்றை மட்டும் பார்ப்போம்.

பார்க்க வைப்பது

அதே தம்பி, முதலில் பார்த்த மாதிரியே தொடங்கியிருந்த தன் தண்ணீர்க் கட்டுரையைத் திருத்திக்கொண்டு வந்தான். புதிய தொடக்கம் இது:

"காலை ஐந்தரைக்கு வால்வ்மேன் வந்து திறந்ததும் எங்கள் சந்தில் எல்லா வீட்டு மோட்டாரும் ஒன்றாக ஓடத் தொடங்கும். கடைசி வீடு எங்களுடையது. எங்கள் சம்ப்பில் தண்ணீர் விழும் சத்தம் கேட்க ஆறேகால் ஆகிவிடும். ஆறரைக்கு வால்வை மூடிவிடுவார்."

பற்றாக்குறை, அவதி, பொதுமக்கள் என்ற சொற்கள் ஒன்றுகூட இல்லை. ஆனால் கடைசி வாக்கியத்தைப் படித்ததும் மனதுக்குள் ஒரு கழித்தல் கணக்கு ஓடியிருக்கும். ஆறேகாலிலிருந்து ஆறரை வரை, கால் மணி நேரத் தண்ணீர். அந்தக் கணக்கை அவன் எழுதவில்லை, நீங்கள் போட்டீர்கள். "எங்களுக்குக் கால் மணி நேரம்தான் தண்ணீர் வருகிறது" என்று அவன் எழுதியிருந்தால் அது வெறும் தகவல். நீங்களே கண்டுபிடித்ததால் அது உறைக்கிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். எல்லா மோட்டாரும் ஒன்றாக ஓடும், கடைசி வீடு எங்களுடையது என்று இரண்டே வாக்கியங்களில் ஏன் தாமதம் என்பதும் விளங்கிவிடுகிறது. முன்வீடுகள் இழுத்துக்கொள்கின்றன. இதையும் அவன் சொல்லவில்லை. நல்ல விவரம் ஒன்று கிடைத்துவிட்டால் அது காட்சியும் காரணமுமாக இரண்டு வேலை செய்யும். இதற்குத் தெருவில் நின்று பார்க்கும் பொறுமைதான் வேண்டும். வேறு எந்த உத்தியையும்விட இதைத்தான் முதலில் பழகச் சொல்வேன்.

எண்களும் பார்க்க வைக்க வேண்டும். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காவிரி கீழே ஓடுகிறது. ஊருக்கு வரும் காவிரித் தண்ணீர் டி.கே.ஹள்ளி என்ற ஊரில் சுத்திகரிக்கப்பட்டு, வழியில் மூன்று இடங்களில் பம்ப் செய்யப்பட்டு, சுமார் 100 கிலோமீட்டர் கடந்து, ஏறக்குறைய 500 மீட்டர் மேலேற்றப்பட்டு வருகிறது. இதை அப்படியே எழுதினால் எண்கள் வரிசையாக நிற்கும், ஒன்றும் மனதில் தங்காது. தமிழ் வாசகருக்கு எழுதும்போது நான் இப்படி எழுதுவேன்: தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி, அதைப் போல ஏழு விமானங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாலும் அந்த உயரம் வராது, நம் வீட்டுக் குடத்துக்கு வரும் தண்ணீர் அவ்வளவு ஏறி வருகிறது. பெரிய கோயிலில் கழுத்தை அண்ணாந்து பார்த்த அனுபவம் வாசகருக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதை நாம் கடன் வாங்கிக்கொள்கிறோம்.

இது எல்லா எண்ணுக்கும் பலிக்காது. 2024 அக்டோபரில் தொடங்கிய காவிரி ஐந்தாம் கட்டத் திட்டத்தின் அளவு நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் கணக்கில் இது 64,000 வண்டிகளுக்கு மேல். கணக்கு சரிதான், ஆனால் 64,000 டேங்கரை யார் கண்டார்கள்? கற்பனைக்கு எட்டாத ஓர் எண்ணை எடுத்து எட்டாத இன்னோர் எண்ணாக மாற்றியிருக்கிறோம். அப்படிப்பட்ட இடத்தில், இந்தத் திட்டம் நகரத்தோடு சேர்க்கப்பட்ட 110 கிராமப் பகுதிகளுக்காக வந்தது என்று சொல்லி, அந்த 110இல் ஒரு தெருவுக்குள் இறங்கிவிடுவது நல்லது.

கேள்வி கேட்பது

நன்னூல் கேள்வியை ஆறு வகையாகப் பிரிக்கிறது. அதில் முதலாவது அறிவினா. ஆசிரியர் மாணவனிடம் கேட்பது போல, பதில் தெரிந்தே கேட்பது. எழுத்தாளர் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

"தண்ணீரை வீணாக்கலாமா?" என்று கேட்டால் வாசகர் "கூடாது" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். கேள்விக்குறி இருக்கிறது, கேள்வி இல்லை. "உங்கள் வீட்டு ஆர்.ஓ. ஃபில்டர் ஒரு குடம் குடிநீர் தருவதற்குள் எத்தனை குடத்தைச் சிங்க்கில் விடுகிறது என்று பிடித்துப் பார்த்ததுண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். அவருக்குப் பதில் தெரியாது. ஆனால் அந்தப் பதில் அவர் வீட்டு அடுக்களையிலேயே இருக்கிறது. எழுந்து போய் ஒரு பக்கெட்டை வைத்தாலும் வைப்பார்.

ஒரு கேள்வியை எழுதியதும், அதற்கு வாசகர் நாம் நினைக்காத பதிலைச் சொல்ல வாய்ப்பு உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். "தண்ணீர்க் கஷ்டம் யாருக்குத்தான் இல்லை?" என்று எழுதினால், காவிரி இணைப்பு ஒழுங்காக வரும் வீட்டுக்காரர் "எனக்கு இல்லையே" என்பார். அந்த இடத்தில் அவரை இழந்துவிட்டீர்கள். திரும்பக் கூப்பிடுவது கடினம்.

உவமை எங்கே பலிக்கிறது

உவமை நான்கு வழிகளில் பிறக்கிறது என்கிறது தொல்காப்பியம்: "வினை பயன் மெய் உரு". செயல் ஒத்திருப்பது, விளையும் பயன் ஒத்திருப்பது, வடிவம் ஒத்திருப்பது, நிறம் ஒத்திருப்பது. புலி போலப் பாய்ந்தான் என்றால் வினை. மழை போலக் கொடுத்தான் என்றால் பயன். துடி போன்ற இடை என்றால் மெய். பவளம் போன்ற வாய் என்றால் உரு. இவ்வளவு பழைய ஒரு பட்டியல், இன்றைக்கு எழுதுகிறவருக்கு இவ்வளவு நேரடியாக உதவுவதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

எப்படி உதவுகிறது என்றால், புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மெய்யிலும் உருவிலுமே நின்றுவிடுகிறார்கள். நிலா போன்ற முகம், ரயில் போல நீண்ட குடங்களின் வரிசை. இவை கண்ணுக்கு ஓர் ஒப்புமையைக் காட்டுகின்றன, அத்தோடு முடிந்தது. வினையைப் பிடித்தால் வாக்கியமே அசையத் தொடங்கும். எங்கள் கூட்டத்தில் ஒரு பெண் எழுதிய வரி: "குழாயைத் திறந்தால், தொண்டை கட்டியவர் பேச முயல்வதைப் போல, காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது." குழாய்க்கும் மனிதருக்கும் வடிவத்தில் ஒற்றுமை கிடையாது. செயலில்தான் ஒற்றுமை. படித்ததும் அந்தச் சத்தம் காதில் கேட்டது, பெங்களூரில் வாடகை வீட்டில் இருந்த எல்லாருக்கும் அது தெரிந்த சத்தம்.

முதலில் அவள் எழுதியிருந்தது "தண்ணீர் அமுதம் போன்றது". இதை எழுதி முடிப்பதற்குள் வாசகர் முடித்துவிடுவார். அவ்வளவு பழகியது. அவருக்கு அங்கே வேலை இல்லை.

உவமையை ஒட்டியே வருவது தற்குறிப்பேற்றம். இயல்பாக நடக்கும் ஒன்றின் மேல் எழுதுகிறவர் தன் எண்ணத்தை ஏற்றிச் சொல்வது. பள்ளியில் படித்தவர்களுக்கு இதன் எடுத்துக்காட்டு மறந்திருக்காது. கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் பக்கத்தில் வரும்போது மதில்மேல் கொடிகள் காற்றில் அசைகின்றன. அதை இளங்கோ,

"போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி
வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட"

என்று எழுதுகிறார். வராதீர்கள் என்று கொடி கையசைத்துத் தடுக்கிறதாம். அணியின் பெயரை எழுதி, விளக்கம் எழுதி, மார்க் வாங்கிக்கொண்டு இந்த வரியைக் கடந்துவிட்டோம். இதில் நடக்கும் காரியத்தை நின்று பார்க்க வேண்டும். கொடி யாரிடம் பேசுகிறது? கோவலனுக்கும் கண்ணகிக்கும் அது வெறும் கொடி, அவர்கள் நடந்துகொண்டேயிருக்கிறார்கள். மதுரையில் என்ன நடக்கப்போகிறது என்பது படிக்கிற நமக்குத்தான் தெரியும். காப்பியத்தின் பதிகமே கதையை முன்னால் சொல்லிவிடுகிறது. அதனால் அந்தக் கையசைப்பு நமக்கு மட்டும் புரிகிறது. போகாதே என்று சொல்லத் தோன்றுகிறது, சொல்ல முடியவில்லை. எழுதுகிறவர் ஒரு சொல்கூட வருத்தப்படாமல், வருத்தம் முழுவதையும் வாசகரிடம் விட்டுவிட்டார். ஓர் உத்தி செய்யக்கூடிய அதிகபட்ச வேலை இது என்று நினைக்கிறேன்.

திரும்பச் சொல்வது

நன்னூலின் பத்துக் குற்றங்களில் ஒன்று "கூறியது கூறல்". அதே சமயம், வந்த சொல்லே மீண்டும் வருவதைப் பின்வருநிலை என்று ஓர் அணியாகவும் வைத்திருக்கிறார்கள். எது குற்றம், எது அழகு? ஒரு குறளை எடுத்துக்கொள்வோம்.

"செல்வத்துள் செல்வஞ் செவிச்செல்வம் அச்செல்வம்
செல்வத்து ளெல்லாந் தலை."

ஏழு சீர்களில் ஐந்தில் செல்வம் வருகிறது. ஆனாலும் சலிக்கவில்லை. மெதுவாகப் படித்துப் பாருங்கள். முதல் செல்வம், உலகத்தில் உள்ள எல்லாச் செல்வமும். இரண்டாவது, அதில் சிறந்த ஒன்று. அது எது என்று கேட்கத் தோன்றும்போது மூன்றாவது பெயரைச் சொல்கிறது, செவியால் வருவது என்று. நான்காவது விரல் நீட்டி "அந்த" என்று சுட்டுகிறது. ஐந்தாவது மறுபடி எல்லாச் செல்வத்தையும் கூட்டி நிறுத்தி, இதைத் தலையில் வைக்கிறது. சொல் ஒன்றுதான், ஒவ்வொரு முறையும் ஓர் அடி முன்னால் நகர்ந்திருக்கிறது. நகராமல் நின்ற இடத்திலேயே சொல்வதுதான் கூறியது கூறல்.

மேடைக்கும் காகிதத்துக்கும் இதில் அளவு வேறு. அண்ணாவின் பேச்சு அடுக்குமொழிக்குப் பேர்போனது. கேட்கிறவர் போன சொல்லைத் திரும்பிப் பார்க்க முடியாது, அதனால் பேசுகிறவர் திரும்பக் கொண்டுவந்து தருகிறார். படிக்கிறவருக்கோ முந்தைய வரி கண்ணெதிரிலேயே இருக்கிறது. மேடையில் மூன்று முறை சொல்வதைக் கட்டுரையில் இரண்டு முறை சொன்னாலே போதும்.

நம்ப வைப்பதும் நம்பத் தகுந்திருப்பதும்

டேங்கர் விலையைப் பற்றி எழுதும்போது எல்லாரும் டேங்கர்காரர்களைத் திட்டுவார்கள். அதைப் படிக்கிற ஒருவரின் அண்ணனே டேங்கர் ஓட்டுபவராக இருக்கலாம். அவர் மனதில் ஒரு மறுப்பு எழும். அதை நீங்களே எடுத்துச் சொல்லிவிடுங்கள்: "பக்கத்து போர்வெல் வற்றிவிட்டால் வண்டி தூரத்துக்குப் போக வேண்டும், டீசலும் நேரமும் கூடும், அதனால் விலை ஏறத்தான் செய்யும். ஆனால் ஒரே வாரத்தில் ஒரே தெருவில் வீட்டுக்கு வீடு விலை மாறியது ஏன்?" நன்னூல் இதற்கு "பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு" என்று பெயர் வைத்திருக்கிறது. மற்றவர் கருத்தை முதலில் ஏற்று, பிறகு அதில் பொருந்தாததை நீக்குவது. மறுப்பு அங்கே எழுத்தில் இருப்பதைப் பார்த்ததும் அந்த வாசகர் உங்களை நம்பத் தொடங்குகிறார். மாற்றுக் கருத்து உள்ளவரையும் கடைசி வரி வரை கூட்டிக்கொண்டு போக எனக்குத் தெரிந்த சிறந்த வழி இதுதான்.

உணர்ச்சியைத் தூண்டும் உத்திகளைப் பற்றி இந்த ஊரில் இருந்துகொண்டு ஒன்று சொல்லியே ஆகவேண்டும். காவிரி என்று எழுதினாலே இங்கே ரத்தம் சூடேறும். 1991 டிசம்பரில், காவிரிக் கலவரத்தின்போது, இந்தத் தெருக்களில் தமிழர்களுக்கு என்ன நடந்தது என்பதை வயதானவர்கள் இன்னும் மறக்கவில்லை. பயத்தையும் கோபத்தையும் கிளப்புவது எழுத்தில் மிகச் சுலபமான காரியம். அதற்கு ஆதாரம்கூடத் தேவைப்படாது, வலுவான ஒரு வினைச்சொல்லும் "அவர்கள்" என்ற ஒரு சொல்லும் போதும். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் எழுத்துக் கூட்டிப் படித்தாலும் அவர் முன் நாம் கூசாமல் நிற்க முடியுமா என்று கேட்டுக்கொண்டே எழுதுங்கள். முடியாது என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

சொல்லாமல் விடுவது

"பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ்
சால மிகுத்துப் பெயின்."

மயிலிறகு ஏற்றிய வண்டியானாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும். குறள் இவ்வளவுதான் சொல்கிறது. பகைவரைப் பற்றியோ ஆள்பவரைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. வலியறிதல் என்ற அதிகாரத்தில் வைத்துவிட்டு வள்ளுவர் விலகிக்கொள்கிறார். இதைப் பிறிது மொழிதல் என்பார்கள். எளியவர்கள்தானே என்று பலரை ஒன்றாகப் பகைத்துக்கொண்ட அரசன், தாங்க முடியாத கடன், அடுக்குமாடி மேல் அடுக்குமாடியாக ஏறும் ஒரு நகரம் என்று ஒவ்வொரு வாசகரும் தனக்குத் தெரிந்ததை அந்த வண்டியில் ஏற்றிப் பார்க்கிறார். "அதுபோல பெங்களூரும்..." என்று அடுத்த வாக்கியம் எழுதக் கை துறுதுறுக்கும். எழுதினால் வாசகர் தன் வேலையை நிறுத்திவிடுவார்.

தொடங்குகிறவர்களுக்கு இது எல்லாவற்றிலும் கடினம். புரியாமல் போய்விடுமோ என்ற பயம் இருக்கும். அந்தப் பயம் சில சமயம் நியாயமானது, அதனால் ஒரு சின்னச் சோதனை. கட்டுரையைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் சத்தமாகப் படித்துக்காட்டுங்கள். நீங்கள் சொல்லாமல் விட்டதை அவர் வாயெடுத்துச் சொன்னால் அப்படியே விட்டுவிடலாம். விழித்தால், விளக்கம் சேர்ப்பதற்குப் பதிலாக முன்னால் ஒரு விவரத்தைக் கூட்டிப் பாருங்கள்.

முடிவிலும் இதே சிக்கல் வரும். நன்னூல் "சென்று தேய்ந்து இறுதல்" என்று ஒரு குற்றம் சொல்கிறது, போகப் போகத் தேய்ந்து முடிவது. விவேக் நகர் தம்பியின் கட்டுரையில் கடைசிப் பத்தி "ஆகவே நாம் அனைவரும் நீரைச் சேமித்து வருங்காலத் தலைமுறையைக் காப்போம்" என்று இருந்தது. அதற்கு முந்தைய பத்தியில், எந்தச் சந்துக்கு எந்த நாள் எத்தனை மணிக்கு வால்வ் திறக்கிறார்கள் என்று வீடு வீடாக விசாரித்து எழுதியிருந்தான். கடைசிப் பத்தியை எடுத்துவிடு என்றேன். எடுத்துவிட்டுத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டான். அந்த நேரப் பட்டியலை மட்டும் தனியே எடுத்துப் பலர் தங்கள் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினார்கள், இரண்டு வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டு நேரம் தவறாக இருக்கிறது என்று திருத்தமும் எழுதினார்கள்.